பாசையூரிலிருந்து பண்ணை வரை: யாழ்ப்பாணக் கரையோரத்தை ஒரு நாளில் நடந்து பார்க்க

யாழ்ப்பாணத்துக்கு முதன்முதலாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் சுற்றுகிறார்கள். நல்லூர், நூலகம், கோட்டை, கசூரினாக் கடற்கரை, நயினாதீவு. அவை பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த ஊர் எதைச் சாப்பிடுகிறது, எதைக் கையால் செய்கிறது, எந்தத் தொழிலில் காலூன்றி நிற்கிறது என்று அறிய விரும்புகிறவரை நான் கரையோரத்துக்குத்தான் அனுப்புவேன். பாசையூரில் தொடங்கி, குருநகர், சின்னக்கடை, பெரியகடை, கன்னாதிட்டி, கோட்டை என்று மேற்கே போய்ப் பண்ணையில் முடியும் நிலக்கீற்று அது. நேராக நடந்தால் சுமார் 3 கிலோமீற்றர். நின்று, கதைத்து, சாப்பிட்டு நடந்தால் ஒரு முழு நாள்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். வேறு ஊர்களுக்கு ஆற்றங்கரை கொடுத்ததை எங்களுக்குக் கொடுத்தது பரவைக்கடல் என்று நாங்கள் சொல்கிற இந்த ஆழமில்லாத கடலேரி. துறைமுகம், சந்தை, கோட்டை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் அதன் விளிம்பில்தான் எழுந்தன.

இந்தக் கரை வேலை செய்கிற கரை. மீன் வருகிற நேரம், ஓலைக்காரப் பெண்கள் சந்தைக்கு வருகிற நேரம், பட்டறை திறக்கிற நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது இருக்கிறது. பத்து மணிக்கு எழுந்து பாசையூருக்குப் போனால் கழுவிவிட்ட சீமெந்துத் தரையைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே இடங்களின் பட்டியலை மறந்து, நேரத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். கீழே உள்ள ஒழுங்கு அப்படித்தான் போகிறது.

எந்த நாள், எந்த மாதம்

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பாசையூரும் குருநகரும் கத்தோலிக்க மீனவ ஊர்கள். ஞாயிறு தொழிலுக்குப் போகாத நாள். ஆலய மணியையும் வெள்ளைச் சட்டைகளையும் பார்க்கலாம், மீனைப் பார்க்க முடியாது. நகரத்துக் கடைகளிலும் பாதி பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை இன்னொரு விதம். சைவக் குடும்பங்கள் பல அன்று மரக்கறிதான் சமைக்கும் என்பதால் மீன் வாங்க வருகிற கூட்டம் குறைவு. ஆறுதலாகப் பார்க்கவும் கதைக்கவும் விரும்பினால் வெள்ளி நல்லது. சந்தையின் முழு இரைச்சலும் வேண்டுமென்றால் சனிக்கிழமை.

மாதங்களில் தை முதல் பங்குனி வரை நடக்கச் சுகமான காலம். பனங்கிழங்கு கிண்டுகிற காலமும் அதுதான். சித்திரைக்குப் பிறகு வெயில் ஏறும். ஆனால் நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அந்த வெயிலோடுதான் வரும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. குடையோடு வர ஆயத்தமென்றால் வாருங்கள், ஓலை வேலையும் கருவாடும் அப்போது மந்தம், ஏனென்றால் இரண்டுக்கும் வெயில் வேண்டும். பாசையூர் அந்தோனியார் ஆலயத் திருவிழா ஜூன் 13ஆம் திகதியை ஒட்டி வரும். அந்த வாரம் ஊரே வேறு முகத்தோடு இருக்கும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். இந்தத் திட்டத்துக்கு இரவு பஸ்தான் பொருத்தம்; விடியமுன் கொண்டுவந்து இறக்கிவிடும். பஸ் நிலையத்திலிருந்து பாசையூருக்கு ஓட்டோ பிடிக்கலாம். ஏறுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது பிக்மீ செயலியில் அழையுங்கள். பொதியைத் தங்குமிடத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள். தோளில் சுமையோடு மீன் சந்தைக்குள் போவது உங்களுக்கும் துன்பம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இடைஞ்சல்.

கையில் இருக்க வேண்டியவை: நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், துணிப்பை, 100 ரூபாய், 500 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. பகலில் ஆலயங்களுக்குள்ளும் போவீர்கள் என்பதால் இது ஒரே தடவையில் தீர்ந்துவிடும்.

விடியக்காலை: பாசையூர்

வெளிச்சம் பரவுமுன் போய்ச் சேருங்கள். இரவு தொழிலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். படகு கரை தொட்டதும் பெட்டிகள் இறங்கும், மீன் தரையில் கொட்டப்படும், உடனே கூறல், அதாவது ஏலம், தொடங்கும். கூறுகிறவர் ஒரு விலையைச் சொல்லி ஏற்றிக்கொண்டே போவார். வேகம் அதிகம், பழகாத காதுக்கு முதல் சில நிமிடங்கள் ஒன்றும் பிடிபடாது. ஒரு ஓரமாக நின்று வாங்குகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு தலையசைப்பு, ஒரு புருவத் தூக்கல், அவ்வளவில் ஒரு குவியல் கைமாறிவிடும்.

நிற்கிற இடம் முக்கியம். கூறலுக்கும் பெட்டி தூக்குகிறவர்கள் போகிற வழிக்கும் நடுவே நிற்காதீர்கள். படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டுவது எவருக்கும் பிடிக்காது. இரவு முழுக்க விழித்திருந்து வந்த மனிதர்கள் அவர்கள்.

பரவைக்கடலின் பெயரைச் சொல்கிற பொருள் நண்டுதான். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி என்று உலகெங்கும் கேட்கிற அந்த நண்டு இந்த ஆழமில்லாத நீரில்தான் வளர்கிறது. ஆண் நண்டுக்கு நீலக் கால்கள். பெண் நண்டு மண்ணிறம் சேர்ந்தது. புரட்டிப் பார்த்தால் வயிற்று மடிப்பு ஆணுக்கு ஒடுங்கியும் பெண்ணுக்கு அகன்றும் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மிஞ்சிப் பாரமாக இருக்க வேண்டும். ஓட்டின் கீழ்ப்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். அமிழ்ந்து கொடுத்தால் அது ஓடு மாற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான் அதிகம், சதை இல்லை. வயிற்றுக்கு வெளியே முட்டை தள்ளிக்கொண்டிருக்கும் நண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது அடுத்த பருவத்து நண்டு.

திரளி, ஓரா, ஒட்டி, மணலை, பாரை, கணவாய், இறால் என்று மற்றவையும் கிடக்கும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கும் உள்ள முறை. இங்கே அதற்கு மேலாக ஒன்று செய்யலாம்: விற்கிற அம்மாவிடமே கேளுங்கள். "அம்மா, சொதிக்கு எது நல்லம்?" என்று கேட்டால் தன்னுடைய குவியலில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் குவியலைக் காட்டிவிடுகிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். சமைக்க அடுப்பு உள்ள தங்குமிடத்தில் இருப்பவர்கள் வாங்கி, அங்கேயே வெட்டுகிறவரிடம் கொடுத்துத் துப்புரவாக்கி எடுக்கலாம். நண்டை உடைத்துத் தரச் சொல்லுங்கள், கால்களை எறிய விடாதீர்கள். ரசத்துக்கும் கூழுக்கும் அவைதான் உயிர்.

குருநகர்

வெயில் ஏறத் தொடங்கியதும் கரையோரமாக மேற்கே நடவுங்கள். பழைய பெயர் கரையூர். ஒடுங்கிய ஒழுங்கைகள், நெருக்கமான வீடுகள், வாசலில் விரித்த வலைகள். மீன் இறக்கி முடிந்த பிறகு வலை தெரிகிற வேலை நடக்கும்: சிக்கிய பாசியும் சிறு நண்டும் எடுத்து, கிழிந்த கண்களைப் பொத்துவார்கள். வயதான ஒருவர் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, தடித்த ஊசியால் ஒரு கண்ணைக் கட்டி முடிக்கிற வேகத்தை நின்று பார்க்க வேண்டும். கண்ணின் அளவு ஒன்றுக்கொன்று பிசகாது. அளவுகோல் அவருடைய விரல்தான். இந்தக் கரையில் கைவினை என்றதும் எல்லோரும் பெட்டியையும் பாயையும் தேடுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விரல்கள்தான்.

காலைச் சாப்பாட்டை இங்கேயே முடியுங்கள். பெயர்ப்பலகை உள்ள கடையைத் தேட வேண்டாம். ஒழுங்கைகளில் வீட்டு வாசலிலேயே அப்பம், புட்டு, இடியப்பம் விற்பார்கள். எங்கே சனம் பாத்திரத்தோடு நிற்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். பாலப்பத்தின் நடு மெத்தென்றும் விளிம்பு முறுகியும் இருக்கும், இடிசம்பலோடு சாப்பிடுங்கள். குழல்புட்டு கிடைத்தால் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதே முறை. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், பிந்தாதீர்கள்.

சாப்பிட்டபின் புனித யாகப்பர் ஆலயத்துக்குப் போங்கள். 1993 நவம்பரில் விமானக் குண்டு வீழ்ந்து இந்த ஆலயம் சிதைந்தது. உள்ளே இருந்த மக்கள் இறந்தார்கள். ஊர் அதைத் திருப்பிக் கட்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் சிறிது நேரம் இருந்துவிட்டு வாருங்கள். இந்தக் கரையில் நீங்கள் கதைக்கிற எவருக்கும், நாற்பது வயதுக்கு மேலானால், இடம்பெயர்ந்த கதை ஒன்று இருக்கும். அதைத் தோண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகத் தொடங்கினால் கடைசி வரை இருந்து கேளுங்கள்.

அங்கிருந்து மரியன்னை பேராலயம், சம்பத்திரிசியார் கல்லூரி என்று பிரதான வீதிப் பக்கமாகப் போகலாம். கல்லூரி 1850இல் தொடங்கியது. தடித்த சுவரும் உயரமான தூண்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடுகள் சில இந்த வீதியில் இன்னும் நிற்கின்றன. திருமறைக் கலாமன்றமும் இங்கேதான். மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கியது. கரையோர மக்களின் நாட்டுக்கூத்தை மேடையில் நிலைக்கச் செய்ததில் இந்த மன்றத்துக்குப் பெரிய பங்கு. அண்மையில் கூத்து ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் மற்றத் திட்டங்களை மாற்றியாவது இரவு அங்கே இருங்கள்.

நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம்

இவற்றைப் பற்றி எங்கும் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக 1882இல் எழுந்தது. பொது நூலகம் 1933இல் ஒரு வீட்டு முன்னறையில் சிறு வாசிப்பிடமாகத் தொடங்கி, 1959இல் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. சம்பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்த நெருப்பைக் கண்ட மொழியறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். நீங்கள் இப்போது நடந்து வந்த தூரம்தான் அந்த மாடிக்கும் நூலகத்துக்கும் இடையிலுள்ளது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தனி நேரம் உண்டு, வாசலில் கேளுங்கள். படிக்க வந்திருக்கிற பிள்ளைகளைக் குழப்பாமல் பாருங்கள்.

சந்தை: பனை தருகிற எல்லாம்

பத்து, பத்தரை மணியளவில் சந்தைக்குள் நுழையுங்கள். பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் மரக்கறி, கருவாடு, புகையிலை, சுருட்டு, வெற்றிலை எல்லாம் உண்டு. நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது பனம்பொருள் விற்கிற வரிசையில்.

ஓலைப் பொருள்களை வெறும் அலங்காரமென்று பார்த்தால் எதை வாங்குவதென்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடகம் சுமக்க. சுளகு புடைக்க. மூடுபெட்டி பலகாரம் வைக்க. கொட்டைப்பெட்டி வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து மடியில் செருக. தட்டுவம் சோறிட்டுச் சாப்பிட. நீத்துப்பெட்டி புட்டவிக்க. இந்தக் கடைசிப் பொருளை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். கூம்பாக இழைத்த சிறு பெட்டி. கொதிக்கிற பானையின் வாயில் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, குழைத்த மாவைத் தேங்காய்ப்பூவோடு இட்டு மூடிவிட வேண்டும். ஆவி ஓலையின் இடுக்குகளால் ஏறி மாவை அவிக்கும்போது ஓலை மணமும் சேர்ந்து ஏறும். உலோகக் குழலில் அவித்த புட்டுக்கு அந்த மணம் வராது. புதிதாக வாங்கியதை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, வெறுமையாக ஒரு தடவை ஆவியில் வைத்தெடுங்கள். பாவித்தபின் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பார்த்து வாங்க வேண்டிய விதம் இதுதான். பெட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழை இறுக்கமாக இருந்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கூடத் தெரியாது. விளிம்பை விரலால் தடவுங்கள். ஓலைநுனி குத்தக் கூடாது, மடித்துப் பொத்தியிருக்க வேண்டும். சாயம் போட்ட பெட்டியென்றால் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் உணவு வைக்க உதவாது. குருத்தோலையில் செய்தது வெளிறி மெல்லியதாக, வளைந்து கொடுக்கும்; முற்றிய ஓலையில் செய்தது தடிப்பு, பாரம் சுமக்கும். இரண்டும் நல்லவைதான், வேலைதான் வேறு.

விலை பேசுவது பற்றி ஒரு சொல். ஒரு நடுத்தரப் பெட்டிக்குப் பின்னால் ஓலை வெட்டுவித்தல், காயவிடுதல், ஈர்க்கு நீக்குதல், ஒரே அகலத்தில் வாருதல், சாயம் காய்ச்சுதல், இழைத்தல் என்று பல நாள் வேலை கிடக்கிறது. இழைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுச் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் செய்வது. கேட்கிற விலை நகரத்துக் கடை விலையில் பாதிகூட இராது. அதிலும் குறைக்கப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாங்கினால் அவர்களே ஒன்றைக் குறைத்துத் தருவார்கள்.

நிலையான விலையில் வாங்க விரும்புகிறவர்களுக்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையம் இருக்கிறது. சபை 1978இல் தொடங்கப்பட்டது. பொருள்களின் தரம் சீராக இருக்கும், ஆனால் இழைத்தவரோடு கதைக்க முடியாது. நேரமுள்ளவர்கள் சந்தைக்குப் போங்கள்.

தின்பண்டங்களுக்கு வருவோம். பனங்கட்டி சிறு ஓலைக் குட்டான்களில் வரும். ஒரு துண்டு கேட்டுச் சுவையுங்கள். சீனி கலந்ததென்றால் இனிப்பு முன்னே நிற்கும், பனையின் மணம் பின்னே போய்விடும். பனாட்டு என்பது பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் அடுக்கடுக்காகக் காயவைத்தது. மண்ணிறத் தோல் மாதிரி இருக்கும், பார்வைக்கு அவ்வளவு வடிவில்லை. மெல்ல மெல்லத்தான் இனிப்பும் சிறு கசப்பும் பழத்தின் மணமும் வெளியே வரும். அதையே துண்டாக்கிப் பனம்பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு. ஒடியலும் புழுக்கொடியலும் இரண்டும் பனங்கிழங்குதான்: பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புழுக்கொடியலைப் பல் உறுதியுள்ளவர்கள் அப்படியே கடிக்கலாம். தேங்காய்ச் சொட்டோடு கடித்தால் இன்னும் நல்லது. ஒடியலை மாவாக்கிக் கூழ் காய்ச்ச வேண்டும்.

மத்தியானம்: ஒடியற்கூழ்

கூழ் வீட்டுச் சாப்பாடு. கிடாரத்தில் காய்ச்சி, உறவும் அயலும் வட்டமாக இருந்து குடிப்பது. சில உணவகங்கள் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் செய்கின்றன. ஆகவே முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவைக்க வேண்டும். உள்ளூரில் ஒரு வீட்டாரை அறிந்தவர்கள் அதிட்டசாலிகள். "கூழ் காய்ச்சுவமோ?" என்று கேட்டால் மறுக்கிற யாழ்ப்பாண வீடு குறைவு. காலையில் பாசையூரில் வாங்கிய நண்டோடும் மீனோடும் போனால் இன்னும் நல்லது.

காய்ச்சுகிற விதத்தைத் தெரிந்துவைத்தால் என்ன குடிக்கிறீர்கள் என்பது விளங்கும். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். மாவின் கயர் அந்த நீரோடு போகும். ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, ஒரு சிறங்கை அரிசி, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை போட்டு அரை அவியல் ஆக்குவார்கள். பிறகு மீன் தலை, நண்டு, இறால், கணவாய். செத்தல் மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அரைத்த கூட்டு, உப்பு. இவை அவிந்து மணம் வரும்போது பழப்புளியில் கரைத்த ஒடியல் மாவை ஊற்றித் துழாவ வேண்டும். மா போட்ட பிறகு கையை எடுக்கக் கூடாது, அடியில் பிடித்துவிடும். கடைசியில் முருங்கை இலை. தடித்துக் குமிழ் விடும்போது இறக்கிவிடுவார்கள்.

குடிப்பது பிளாவில். பனையோலையை மடித்து ஒரு முனையைக் கட்டிய, தோணி வடிவக் கிண்ணம் அது. சூடான கூழ் ஓலையில் பட்டதும் ஒரு பச்சை வாசம் கிளம்பும். உறைப்பும் புளிப்பும் நண்டின் இனிப்பும் சேர்ந்து வரும். வியர்க்கும், வியர்க்க வேண்டும். நண்டுக் காலைக் கையால் எடுத்துக் கடித்து உறிஞ்சுங்கள், எவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கரண்டி கேட்டால் தருவார்கள், ஆனால் பிளாவின் முனையை வாயில் வைத்துக் குடிக்கிற ருசி கரண்டியில் வராது. கடலுணவு ஒவ்வாதவர்கள் மரக்கறிக் கூழ் கேட்கலாம். அதுவும் காய்ச்சுகிற வழக்கம் உண்டு.

கூழ் குடித்தபின் இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்புங்கள். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் நடப்பதில் ஒரு பயனும் இல்லை. பாதிக் கடைக்காரரும் அந்த நேரம் சாய்ந்துதான் இருப்பார்கள்.

பின்னேரம்: கன்னாதிட்டியும் ஐந்துசந்தியும்

மூன்று மணிக்குப் பிறகு கஸ்தூரியார் வீதி, கன்னாதிட்டிப் பக்கம் போங்கள். வெளியே கண்ணாடிக் கடைகள்; உள்ளே, மாடிப்படியின் கீழும் சந்துகளிலும், பொற்கொல்லர் பட்டறைகள். ஊதுகுழலும் சாமணமும் மூசையுமாக இருந்து வேலை செய்கிறவரை வாசலில் நின்று பார்க்கலாம், அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு கதையுங்கள். பற்றவைக்கிற நேரத்தில் மூச்சுக்கூடப் பிசகக் கூடாது. எங்கள் திருமணங்களில் நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் நடக்கும். தாலிக்கான பொன்னை அங்கே உருக்குகிறவர் இந்தக் கைகளுக்குரியவர்தான். வாங்க விரும்பினால் பவுண் கணக்கில் பேசுவார்கள், ஒரு பவுண் 8 கிராம். அன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் வருகையில் நகை வாங்காமல் பார்த்துவிட்டுப் போவதே நல்லதென்று நினைக்கிறேன்.

அங்கிருந்து வடமேற்காகச் சோனகதெரு, ஐந்துசந்தி. யாழ்ப்பாண முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் அவர்கள் எல்லோரும் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். போருக்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள். கூரையில்லாத வீடுகளும் புதிதாகப் பூசிய சுவர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் காண்பீர்கள். யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகிறவர் இந்தத் தெருக்களில் நடக்காமல் போகக் கூடாது. பின்னேரத் தேநீரை இங்கே குடியுங்கள், ரோல்ஸ் ஒன்றும் சேர்த்து. பள்ளிவாசலில் தொழுகை நேரமென்றால் வாசலை மறித்து நிற்காதீர்கள்.

மாலை: கோட்டையும் பண்ணையும்

ஐந்து மணிக்குக் கோட்டைக்குள் இருக்க வேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐந்து முனையுள்ள கோட்டையாக மாற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மதிலில் கை வைத்துப் பாருங்கள்: முருகைக்கல். கடலில் வளர்ந்த கல்லின் துளைகளும் வரிகளும் அப்படியே தெரியும். உள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990இன் சண்டையில் இடிந்தது, இன்று கற்குவியல்தான். மதில்மேல் ஏறி நடக்கும்போது விளிம்பில் கவனம், தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. பாதுகாப்புப் படையினரின் நிலைகள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

மதிலிலிருந்து பார்க்கும்போது நீரில் வரிசை வரிசையாகத் தடிகள் நட்டிருப்பது தெரியும். அவை களங்கண்ணி. கரையோரமாக நீந்தி வருகிற மீன், குறுக்கே கட்டிய வலையில் முட்டி, அதன் ஓரமாகவே ஆழம் தேடிப் போகும். போகப் போக வழி ஒடுங்கி அடைப்புக்குள் கொண்டுபோய் விடும். உள்ளே போனது திரும்பாது. இடுப்பளவு நீரில் நடந்து போய் அள்ளி வருவார்கள். காலையில் பாசையூரில் பார்த்த மீன்களில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். பண்ணைப் பாலத்தில் மண்டைதீவுப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தால் இந்த அடைப்புகளைக் கிட்டத்திலேயே பார்க்கலாம். நீரில் இறங்க வேண்டாம். அடி சேறு, கால் புதையும்.

பொழுது சாயும் நேரம் பண்ணையில் ஊர்ச் சனம் காற்று வாங்க வரும். கச்சான், சோளம், வடை, ஐஸ்கிறீம் எல்லாம் கிடைக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள்.

கொண்டுபோக

ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி மூன்றும் நாள் தாங்கும்; காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். பனாட்டை ஓலைப்பெட்டியிலேயே விடுங்கள், பிளாஸ்ரிக் பையில் வியர்த்துவிடும். கறித்தூள் வேண்டுமென்றால் பைக்கற்றில் அடைத்ததை விட, மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம், கறிவேப்பிலை வறுத்துத் திரிக்கிற ஆலையில் நிறுத்து வாங்குங்கள். ஆறிய பிறகே மூட வேண்டும். பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் வைக்காமல் கையில் கொண்டுபோங்கள். நசுங்கிய இழை நிமிராது. கருவாட்டைப் புறப்படுகிற நாளில் கடைசியாக வாங்கி, கடதாசியில் சுற்றி, அதன்மேல் இரண்டு பை போட்டுக் கட்டுங்கள். குளிரூட்டிய இரவு பஸ்ஸில் அதை உள்ளே வைத்திருக்கக் கூடாது, பொதி வைக்கிற பெட்டியில் போட்டுவிடச் சொல்லுங்கள்.